மக்கள் ஏன் இடம்பெயர்கிறார்கள்? கண்டிச்சீமைக்கு, அதாவது இலங்கையின் மலைத்தோட்டங்களுக்குப் போனவர்களை வைத்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: மக்கள் ஏன் ஊர்விட்டுப் போகிறார்கள், இடப்பெயர்வில் என்னென்ன வகைகள் உண்டு, உந்து காரணி, ஈர்ப்புக் காரணி என்று பள்ளியில் படித்தது போதுமா?

தேர்வுக்குப் போதும். விஷயம் புரிய வேண்டுமானால் போதாது.

பாடப்புத்தகம் சொல்வது தவறில்லை. ஊரில் பஞ்சம், வேலையின்மை, கலவரம், சாதிக் கொடுமை என்று ஏதோ ஒன்று ஆளைத் தள்ளுகிறது. வேறோர் இடத்தில் கூலி, நிலம், படிப்பு, பாதுகாப்பு என்று ஏதோ ஒன்று இழுக்கிறது. பிரிட்டனின் மக்கள்தொகைக் கணக்கை வைத்து ராவன்ஸ்டைன் என்பவர் 1885-இலேயே இடப்பெயர்வின் விதிகளை எழுதினார். பெரும்பாலோர் பக்கத்து ஊருக்குத்தான் போகிறார்கள், ஒரு பக்கம் ஓட்டம் இருந்தால் எதிர்ப்பக்கமும் ஓர் ஓட்டம் இருக்கும் என்று அவர் சொன்ன பலவும் இன்றைக்கும் பொருந்துகின்றன. 1966-இல் எவரெட் லீ, தள்ளுவதற்கும் இழுப்பதற்கும் நடுவே இருக்கும் தடைகளையும் சேர்த்துக்கொண்டார். தூரம், செலவு, சட்டம் எல்லாம் அதில் வரும்.

இவ்வளவும் படித்த பிறகும் ஒரு சந்தேகம் மிஞ்சும். பஞ்சம் வந்த ஊரில் எல்லோரும் கிளம்பிவிடுவதில்லையே? கிளம்பியவர்களும் உலகத்திலேயே கூலி அதிகமான இடமாகப் பார்த்துப் போவதில்லை. யாராவது கூட்டிப்போகும் இடத்துக்குத்தான் போகிறார்கள். தள்ளுவதற்கும் இழுப்பதற்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிறார், அவர் கையில் முன்பணம் இருக்கிறது. அவரைப் பார்க்காமல் காரணம் பேசினால் பாதிக் கதைதான் தெரியும். வகைகள் விஷயமும் அப்படித்தான். இவர் பருவகாலத் தொழிலாளி, இவர் அகதி, இவர் குடியேறி என்று ஆட்களைத் தனித்தனிப் பெட்டியில் போடுகிறோம். ஒரே குடும்பம் இரண்டு மூன்று தலைமுறைக்குள் எல்லாப் பெட்டிக்குள்ளும் போய்வந்த கதையும் உண்டு.

இலங்கையின் மலையகத் தமிழர்களைத்தான் சொல்கிறேன். பொதுவாகப் பேசுவதைவிட அவர்களை வைத்துச் சொன்னால் தெளிவாக விளங்கும்.

1820-களில் கண்டிப் பக்கத்து மலைகளில் ஆங்கிலேயர்கள் காப்பித் தோட்டம் போடத் தொடங்கினார்கள். உள்ளூர்ச் சிங்கள விவசாயிகளுக்குச் சொந்த நிலம் இருந்தது, தோட்டத்தில் நாள் முழுக்க நின்று கூலி வேலை செய்ய அவர்களுக்கு விருப்பமில்லை. கடலுக்கு இந்தப் பக்கம் திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர் வட்டாரங்களில் நிலமில்லாத ஆட்கள் நிறைய இருந்தார்கள். காப்பிக்குப் பறிப்புக் காலத்தில் மட்டும்தான் கூட்டமாக ஆள் வேண்டும். அதனால் ஆரம்பத்தில் போனவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பழம் பறிக்கும் சமயத்துக்குப் போய், சில மாதம் வேலை செய்து, மிச்சம் பிடித்ததை முடிந்துகொண்டு ஊர் திரும்பினார்கள். புத்தகம் இதைப் பருவகால இடப்பெயர்வு என்கிறது, ஆண்டுதோறும் போய்வந்தால் சுழற்சி இடப்பெயர்வு. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் இன்று போகிறவர்களும் இதே வகைதான்.

போன வழியையும் சொல்லிவிட வேண்டும். ராமேஸ்வரம், தொண்டி போன்ற கரைகளில் தோணி ஏறி மன்னார்ப் பக்கம் இறங்குவார்கள். அங்கிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளை வரை காட்டுவழி நடை. காலராவும் மலேரியாவும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து அந்தப் பாதையில் எத்தனையோ பேரைக் கொண்டுபோயின. மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் போனார்கள். சுமார் 250 கிலோமீட்டர். நல்ல சாலையும் வழியில் சாப்பாடும் இருந்தும் அவர்களுக்கே இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று.

சரி, சாவு வழி என்று தெரிந்தும் ஏன் போனார்கள்? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருடப் பஞ்சத்தைப் பலரும் காரணமாகச் சொல்வார்கள். அந்த ஆண்டுகளில் கூட்டம் கூட்டமாகப் போனது உண்மை. ஆனால் பஞ்சத்துக்கு முன்பே போக்குவரத்து அரை நூற்றாண்டாக இருந்தது. போனவர்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர் சாதிகளைச் சேர்ந்தவர்கள். ஊரில் பண்ணையாளாக, வாங்கிய கடனுக்கு உழைத்தே தீர்க்க வேண்டிய நிலையில் இருந்தவர்கள். அவர்களுக்குக் கண்டிச்சீமை என்பது அதிகக் கூலி கிடைக்கும் இடம் மட்டுமில்லை, மிராசுதாரின் கண்ணுக்கு எட்டாத இடமும்கூட. பொருளாதாரக் காரணம், சமூகக் காரணம் என்று பாடத்தில் இரண்டு தலைப்பில் பிரித்துப் போடுவார்கள். அந்த ஆளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இங்கேதான் கங்காணி, அதாவது தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் மேஸ்திரி, வருகிறார். தோட்டத்துத் துரை அவரிடம் முன்பணம் கொடுத்து ஊருக்கு அனுப்புவார். அவர் தன் சொந்த ஊருக்கும் சுற்றுப்பட்டுக்கும் போய் உறவு, தெரிந்தவர், அவர்களுக்குத் தெரிந்தவர் என்று ஆள் கட்டுவார். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் (கருவாடும்) கிடைக்கும் என்று ஆசை காட்டித்தான் முன்னோர்களைக் கூட்டிவந்தார்கள் என்று மலையகத்தில் இன்றும் சொல்வார்கள். ஆளுக்கு ஆள் கைப்பணம், துணி, வழிச்செலவு, தோணிக் கூலி எல்லாம் கங்காணி கையிலிருந்து போகும், எல்லாம் ஆள் பேரில் கடனாக ஏறும். பரம ஏழையால் தன் கைக்காசில் கடல் தாண்ட முடியாது. கடன்தான் அவனைக் கடல் தாண்ட வைத்தது, தாண்டிய பிறகு அங்கேயே கட்டிப்போட்டதும் அதே கடன்தான். தோட்டத்துக்குப் போனதும் அரிசியும் கடனில்தான் வரும். சம்பளம் போடும் நாளில் கழிவு போக மிஞ்சுவது சொற்பம்.

கங்காணிக்குப் பல வழியில் வரும்படி. ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு. அவர் ஆட்கள் காலைப் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) வந்து வேலையில் இறங்கினால் நாள்தோறும் தலைக்கு ஒரு சிறு தொகை, அதைப் பென்ஸ் காசு என்பார்கள். தோட்டம் மாற வேண்டுமென்றால் 'துண்டு' என்று ஒரு முறை இருந்தது. இந்தக் கங்காணியும் இவர் ஆட்களும் இத்தனை ரூபாய் பாக்கி, அதைக் கட்டுகிற தோட்டம் இவர்களை அழைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சீட்டு. புதுத் தோட்டம் பணத்தைக் கட்டும், கடன் அப்படியே புது முதலாளியின் கணக்குக்கு மாறும், கூடவே ஆட்களும் மாறுவார்கள். 1921-இல்தான் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

மொரிஷியஸ், நேட்டால், பிஜி போன்ற இடங்களுக்குப் போனவர்கள் கதை கொஞ்சம் வேறு. அங்கே பெரும்பாலும் 5 ஆண்டு ஒப்பந்தம், கைநாட்டு, அதை மீறினால் சிறை. இலங்கைக்கும் பின்னாளில் மலாயாவுக்கும் கங்காணி முறையில் போனவர்களுக்கு அப்படி ஒப்பந்தம் கிடையாது. இதைக் காட்டித்தான் அன்றைய அதிகாரிகள் இவர்களைச் 'சுதந்திரத் தொழிலாளர்' என்றார்கள். தன்விருப்ப இடப்பெயர்வு, கட்டாய இடப்பெயர்வு என்ற பிரிவினையில் இவர்களை எந்தப் பக்கம் வைப்பீர்கள்? யாரும் கையைக் கட்டி இழுத்துப்போகவில்லை, அதே சமயம் வேண்டாமென்று திரும்பிவரவும் வழியில்லை. என்னைக் கேட்டால் அந்தப் பிரிவினையை ஒரு கோடாக வைக்கவே கூடாது. கிளம்பும்போது எவ்வளவு விருப்பம், போன பிறகு திரும்புவதற்கு எவ்வளவு வழி என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

இதே தோணிகளில் போன இன்னொரு வகை ஆட்களையும் மறக்கக் கூடாது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கொழும்பிலும் பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை வைத்தார்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, சில ஆண்டு கணக்கு முடித்து, காரைக்குடிப் பக்கம் திரும்பி வீடு கட்டினார்கள். கொழும்புச் செட்டியார் தெரு இன்றும் இருக்கிறது. மூலதனத்தோடு போகிறவருக்கும் கடனோடு போகிறவருக்கும் உள்ள வித்தியாசம், உள்நாடு வெளிநாடு என்ற வித்தியாசத்தைவிடப் பெரியது. எந்தப் பாடப்புத்தகமும் ஏனோ இதைத் தனி வகையாகப் போடுவதில்லை.

அப்புறம் 1869-இல் இலங்கைக் காப்பியில் இலைத்துரு என்ற பூஞ்சை நோய் விழுந்தது. அடுத்த இருபது ஆண்டுக்குள் காப்பி அநேகமாக அழிந்துபோயிற்று. அதற்குச் சற்று முன்னால், 1867-இல், ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லூல்கந்துரா தோட்டத்தில் தேயிலை போட்டிருந்தார். காப்பித் தோட்டங்கள் எல்லாம் தேயிலைக்கு மாறின. தேயிலைக்குப் பருவம் என்று ஒன்று கிடையாது, கொழுந்து ஆண்டு முழுக்க வந்துகொண்டே இருக்கும். ஆண்டு முழுக்க ஆள் வேண்டும், கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டும். போய்வந்துகொண்டிருந்த ஆண்கள் இருந்த இடத்தில் குடும்பங்கள் வந்து லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், குடியேறின. ஒரு பூஞ்சையும் ஒரு செடியும் சேர்ந்து சுழற்சி இடப்பெயர்வை நிரந்தர இடப்பெயர்வாக மாற்றிவிட்டன. இந்த இடம் எனக்கு எப்போதும் வியப்பு. எங்கே எப்போது தங்கிவிடுவது என்பதைப் போகிறவர் முடிவு செய்வதாக நினைக்கிறோம், பல சமயம் அதை அந்த வேலையே முடிவு செய்துவிடுகிறது.

பெண்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. இடப்பெயர்வு என்றாலே ஆண் வேலை தேடிப் போவதுதான் என்று நாம் நினைக்கிறோம். இந்தியாவின் 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி பிறந்த இடத்தையோ முன்பு வசித்த இடத்தையோ விட்டு வேறிடத்தில் வாழ்பவர்கள் சுமார் 45 கோடி. அதற்குச் சொன்ன காரணங்களில் முதலிடம் திருமணம். கல்யாணமாகிப் பக்கத்து வட்டத்துக்குப் போன பெண்கள்தான் எண்ணிக்கையில் பெரிய கூட்டம். குறுகிய தூர இடப்பெயர்வில் பெண்களே அதிகம் என்று ராவன்ஸ்டைன் அன்றைக்கே எழுதியிருந்தார், நாம்தான் கண்டுகொள்ளவில்லை.

மலையகத்துக்கு வருவோம். 1914-இல் பாம்பன் பாலம் திறந்தது, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியது. பழைய காட்டு நடைக்கு இனித் தேவை இல்லை. சென்னையில் போட் மெயில் ரயில் ஏறினால் கொழும்புவரை ஒரே சீட்டு. தோட்டத்துக்குப் போகிற ஆட்களை மட்டும் மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் சில நாள் தங்கவைத்து, நோய் பார்த்து, அம்மை குத்தி அனுப்புவார்கள். மண்டபம் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து ஒருவர் போய் அண்ணன் தம்பியை அழைக்க, அவர்கள் மச்சானை அழைக்க, ஒரு கிராமமே ஒரு தோட்டத்தில் போய் இறங்குவதைச் சங்கிலித்தொடர் இடப்பெயர்வு என்பார்கள். கங்காணி முறை அதை முதலாளியின் செலவில் நடத்தியது. 1939-இல் இந்திய அரசு கூலித் தொழிலாளர் இலங்கை போவதற்குத் தடை போட்டதோடு அந்த வாசல் மூடியது.

பத்தே ஆண்டில் நிலைமை தலைகீழ். 1948-இல் இலங்கை சுதந்திரம் பெற்ற ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன், இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்ததற்கு ஆதாரம் காட்டு என்றால், பிறப்புப் பதிவே இல்லாத லயத்தில் பிறந்தவர் என்ன காட்டுவார்? சுமார் 7 லட்சம் பேர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆனார்கள். அவர்கள் ஓர் அடிகூட நகரவில்லை, நாடுதான் அவர்கள் காலடியிலிருந்து நகர்ந்துகொண்டது.

1964 அக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். கணக்கில் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974-இல் அந்த மீதியை இந்திராவும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று பங்கிட்டுக்கொண்டார்கள். சம்பந்தப்பட்ட மக்களை யாரும் கேட்கவில்லை. விண்ணப்பம் கேட்டபோது இந்தியாவைக் கேட்டவர்களைவிட இலங்கையைக் கேட்டவர்கள்தான் அதிகம்.

ஆனாலும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தியாவுக்கு வந்தார்கள். அரசு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. புத்தகத்தில் இது திரும்பல் இடப்பெயர்வு. வந்தவர்களில் பெரும்பாலோர் இலங்கையில் பிறந்தவர்கள், திரும்புவதற்கு அவர்கள் இங்கிருந்து போனதே இல்லை. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்துவிட்டதால் ராமேஸ்வரத்தில் வந்து இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து பிரித்து அனுப்பப்பட்டார்கள். நீலகிரியில் இவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968-இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது, பிறகு அது டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. சிலர் கேரளத்தில் புனலூர் ரப்பர் தோட்டங்களுக்கும் சிலர் கர்நாடகத்தில் சுள்ளியாவுக்கும் போனார்கள். வியாபாரக் கடன் கொடுத்துச் சமவெளியில் இறக்கிவிடப்பட்டவர்களும் உண்டு. கொழுந்து பறிக்கத் தெரிந்தவரிடம் கடை வைக்கப் பணம் கொடுத்தால் எத்தனை நாளைக்கு ஓடும்? பணம் தீர்ந்ததும் பலர் தாங்களாகவே கூடலூர், கோத்தகிரி, கொடைக்கானல் என்று மறுபடி மலை ஏறினார்கள். படிப்படியாக இடம் மாறிப் போவதற்குப் படிநிலை இடப்பெயர்வு என்று பெயர். கிராமத்திலிருந்து சிற்றூர், அங்கிருந்து நகரம் என்றுதான் அதற்கு உதாரணம் சொல்வார்கள். இவர்கள் அதே படியைத் தலைகீழாக ஏறினார்கள். கூடலூர்ப் பக்கம் அவர்களை இன்றும் 'சிலோன்காரங்க' என்பார்கள். இலங்கையில் இந்தியத் தமிழன், இங்கே சிலோன்காரன்.

இலங்கையிலேயே தங்கியவர்களில் ஒரு பகுதியும் நகர்ந்துகொண்டே இருந்தது. 1970-களில் தோட்டங்கள் அரசுடைமையான சமயத்தில் வந்த உணவுத் தட்டுப்பாட்டில் பட்டினிச் சாவுகள் நடந்தன. 1977 கலவரத்தில் அடிபட்டவர்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். நாட்டு எல்லை தாண்டாததால் இவர்கள் அகதிகள் அல்ல, உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர். பிறகு போர் அவர்களை அங்கிருந்தும் மறுபடி மறுபடி துரத்தியது. 1983-க்குப் பிறகு அவர்களில் பலர் படகேறித் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். வந்து தங்கிய இடங்களில் ஒன்று, மறுபடியும், மண்டபம்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே தோட்டத்தில் பிறந்த அண்ணனும் தம்பியும் என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் 1975-இல் ஒப்பந்தப்படி கப்பலில் வந்தார், இந்தியக் குடிமகன், ஓட்டுரிமை உண்டு, டான்டீயில் வேலை. தம்பி 1984-இல் உயிருக்குப் பயந்து படகில் வந்தார், அகதி முகாமில் பதிவு. 1951-இன் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, தனி அகதிச் சட்டமும் கிடையாது. ஆகவே சட்டத்தின் கண்ணில் தம்பி, ஆவணமில்லாமல் நுழைந்தவர். திருச்சி கொட்டப்பட்டு முகாமிலும் மண்டபம் முகாமிலும் இருந்த இப்படிப்பட்டவர்கள் குடியுரிமை கேட்டு நீதிமன்றம் போனார்கள். அவர்கள் விண்ணப்பங்களைப் பரிசீலிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஜூனில் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் சலுகை கொடுத்த நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. வகைப்படுத்துவது ஏதோ பாடத்துக்கான வேலை என்று நினைக்காதீர்கள். எந்த வகை என்று எழுதுகிறார்களோ அதைப் பொறுத்துத்தான் ரேஷன் கார்டும் பாஸ்போர்ட்டும் பிள்ளையின் அரசு வேலையும் அமையும்.

சுற்றுச்சூழல் காரணம் என்று ஒரு வகையும் கேட்பீர்கள். அதுவும் இதே மக்களிடம் உண்டு. 2014 அக்டோபர் 29-இல் பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின, உயிர் தப்பியவர்கள் முகாமுக்குப் போனார்கள். மேலே பார்த்தால் அது இயற்கைப் பேரிடர். அந்தச் சரிவில் அவர்கள் ஏன் வசித்தார்கள் என்று கேட்டால், சொந்த நிலமில்லாமல் தோட்டம் காட்டிய இடத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்ததுதான் பதில். பருவநிலை மாற்றத்தால் இடப்பெயர்வு என்று இன்று உலகம் முழுக்கப் பேசும் இடங்களிலும் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

இப்போதைய நிலவரம்? ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துப் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போகிறார்கள், பெண்கள் வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போகிறார்கள். கங்காணி இருந்த இடத்தில் ஏஜென்ட் இருக்கிறார். இந்தப் பக்கம் திருப்பூருக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் ஆட்களையும் பெரும்பாலும் ஒரு தெரிந்தவரோ ஒரு கான்ட்ராக்டரோதான் கூட்டிவருகிறார். நீலகிரியில் டான்டீத் தொழிலாளர்களின் பிள்ளைகள் அதே திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்குகிறார்கள். தோட்ட வீடு வேலையோடு ஒட்டியது, ஓய்வு பெற்றால் காலி செய்து கொடுக்க வேண்டும். அறுபது வயதில் எங்கே போவது என்ற பிரச்சினை அங்கே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.